இந்த நபருக்குப் பெயரிடவும்

'இந்த நபருக்குப் பெயரிடவும்' என்று திரை மறுபடியும் கேட்டது. கேட்டது என்று சொல்ல முடியாது. ஒரு வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் முகம், அதன் கீழே ஒரு கோடு, கோட்டின் தொடக்கத்தில் விட்டு விட்டு மின்னும் சின்னக் குச்சி, அவ்வளவுதான். ஆனாலும் குற்றாலிங்கத்துக்கு அது கேட்பது போலத்தான் இருந்தது. முப்பத்து நாலு வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களிடம் அவர் கேட்ட அதே குரலில், தலையை நிமிர்த்தாமல், பேரு, அப்பா பேரு, வயசு, கதவு எண் என்று. சொல்லத் தடுமாறுகிறவர்களைப் பார்த்து எரிச்சல் வந்திருக்கிறது. சொந்தப் பெயரைச் சொல்ல என்ன யோசனை என்று நினைத்திருக்கிறார். இப்போது மேஜை திரும்பிவிட்டது. காலை பத்து மணி, செவ்வாய்க்கிழமை, பாளையங்கோட்டையில் வெயில் அதற்குள் ஜன்னல் கம்பிகளைத் தாண்டி உள்ளே வந்து மகளின் பழைய மடிக்கணினி மேல் விழுந்தது. அதனால் அந்த முகம் பாதி வெளிச்சத்தில் கரைந்து தெரிந்தது. அவர் கணினியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். முகம் முழுசாக வந்தது. பெரிய குங்குமப் பொட்டு, இரண்டு பக்கமும் மூக்குத்தி, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்த கழுத்து. கடையம் அத்தை. அதில் சந்தேகமில்லை. கடையம் அத்தைதான். ஆனால் அது கேட்பது பெயரை.

நாலு நாளாக எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மகள் தாரணி போன தடவை ஓசூரிலிருந்து வந்தபோது பழைய ஆல்பங்களையெல்லாம் ஸ்டுடியோவில் கொடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டுப் போனாள். அதோடு அவருடைய போன், அவர் மனைவியின் போன், தாரணி அனுப்பியவை என்று முப்பத்தோராயிரம் படங்கள் ஒரு கையகலப் பெட்டிக்குள் கிடந்தன. எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் இருக்கிறது, ஒரு தடவை பெயர் சொன்னால் போதும், அப்புறம் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று தாரணிதான் சொன்னாள். இவர் ஒரு முகத்துக்கு 'அத்தை' என்று எழுதினார். அடுத்து இன்னொரு முகம் வந்தது, அதற்கும் 'அ' என்று அடித்ததுமே 'அத்தை' என்று அதுவே எடுத்துக் கொடுத்தது, கெட்டிக்காரப் பிள்ளை என்று இவர் மனசுக்குள் மெச்சிக்கொண்டு சரி என்றார். மூன்றாவதற்கும் நாலாவதற்கும் அப்படியே. தென்காசி அத்தை, அம்பை அத்தை, அவர் மாமியார், கடையம் அத்தை. நாலு பேரும் அத்தைதானே. வேறு எப்படிக் கூப்பிடுவது? இன்று காலை திறந்து பார்த்தால் நாலு பேரையும் ஒரே ஆளாக்கி வைத்திருந்தது. அத்தை, இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். அந்த அத்தைக்கு நாலு மூக்கு, நாலு விதமான நெற்றி. ஒரே வருஷத்தில் கறுத்தும் சிவந்தும், குட்டையாகவும் நெட்டையாகவும் இருந்தாள். அதோடு நிற்கவில்லை. அதுவாகவே கற்றுக்கொண்டு, மூக்குத்தியும் பொட்டுமாக யார் வந்தாலும் அவளோடு சேர்த்துக்கொண்டிருந்தது. கடைசியாக, போன பொங்கலுக்கு எடுத்த படம் ஒன்றைக் காட்டி, 'இவரும் அத்தையா?' என்று கேட்டது. அது அவர் மனைவி. அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் தம்பி பிள்ளைகளைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இல்லை என்று அழுத்தினார்.

பிரித்துவிட வேண்டும், அவ்வளவுதானே. தென்காசி அத்தைக்குச் சங்கரவடிவு என்று எழுதினார், அது அப்பா அடிக்கடி சத்தம் போட்டுக் கூப்பிட்ட பெயர். அம்பை அத்தை மீனாட்சி, பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகைகளில் பார்த்தது. மாமியார் பெயர் அவர் கையாலேயே எழுதியது, வீட்டை எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தில், பேச்சியம்மாள், வயது அறுபத்தெட்டு, எழுதிக் கொடுப்பவர், அவர் அலுவலகம் என்பதால் மாமியார் அன்று வரிசையில் நிற்காமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், மருமகன் தன் பெயரை எழுதுவதைப் பார்த்துக் கூச்சப்பட்டுச் சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டாள். மூன்று பேர் பிரிந்து போனார்கள். கடையம் அத்தை மட்டும் நின்றாள். மூன்றே மூன்று படம் அவளுக்கு. பெயர். அவர் கண்ணை மூடினார். பெயர் வரவில்லை. வரவில்லை என்றால் உள்ளே இருந்தும் வரவில்லையா, உள்ளேயே இல்லையா? அங்கேதான் அவருக்கு நூல் சிக்கியது. மறந்துபோனது வேறு, தெரியாமலே இருந்தது வேறு. இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம்தான், வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் முகம். அறுபத்தேழு வருஷத்தில் கடையம் அத்தையின் பெயரை ஒரு தடவையாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாரா? அப்பா அக்கா என்று கூப்பிட்டார். மாமா கேட்டியா என்று கூப்பிட்டார். அம்மா மதினி என்றாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் பத்திரிகைகளில் வரவில்லை. கேள்விப்படவே இல்லையென்றால் இது மறதி இல்லை. ஆனால் கேள்விப்பட்டிருந்தால்?

கொத்தமல்லி. அது ஞாபகத்துக்கு வந்ததும் அவர் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டார். இரண்டு மாசம் இருக்கும், மார்க்கெட்டில் காய்க்காரம்மாவிடம் எல்லாம் வாங்கிவிட்டு, அதுவும் வேண்டும் என்று வாயைத் திறந்தார், வார்த்தை இல்லை. இலை கண்ணுக்கு எதிரே இருந்தது, மணம் மூக்கில் இருந்தது, ரசத்தில் அது மிதப்பது தெரிந்தது, பெயர் இருந்த இடத்தில் மட்டும் பல் விழுந்த இடம் போல வழவழவென்று ஒரு பள்ளம். கையை நீட்டிக் காட்டினார். "மல்லித்தழையா அண்ணாச்சி? வாயில முத்தா இருக்கு, கேட்டா என்னவாம்?" என்று அவள் ஒரு கட்டை எடுத்துப் பையில் போட்டாள். ஆமாம் என்று சிரித்தார். அங்கிருந்து தெற்கு பஜார் முழுக்கக் கொத்தமல்லி, கொத்தமல்லி என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார், அதைக் கீழே போட்டுவிட்டால் உடைந்துவிடும்போல. வீட்டில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, எல்லாருக்கும் நடப்பதுதான். அப்புறம் ஒருநாள் தபால் ஆபீஸில் ஒருவர் தோளைத் தட்டி, லிங்கம் சார் என்று பத்து நிமிஷம் பேசினார், பேத்தி பிறந்திருக்கிறாள் என்றார், இவரும் சந்தோஷம் என்றார், அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அதுவும் எல்லாருக்கும் நடப்பதுதான். எல்லாருக்கும் நடப்பவை எல்லாம் சேர்ந்து ஒருத்தருக்கே நடந்தால் அதற்கு என்ன பெயர் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. மாறாக, படங்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று வீட்டில் சொன்னார். தாரணிக்கு அது வேடிக்கையாக இருந்தது. ரிட்டயர் ஆனபோது கொடுத்த கைக்கடிகாரத்தையே இன்னும் பெட்டியிலிருந்து எடுக்காத மனுஷன், படங்களை ஒழுங்குபடுத்தப் போகிறாராம். அவருக்கு வேண்டியது ஒழுங்கு இல்லை. இன்னும் தெரிகிறபோதே ஒவ்வொரு முகத்தின் கீழும் பெயரை எழுதிவிட வேண்டும். ஒருநாள் தெரியாமல் போனால், முகத்தைத் தொட்டதும் பெயர் வர வேண்டும். காய்க்காரம்மா மாதிரி, கேலி செய்துகொண்டாவது எடுத்துப் பையில் போட வேண்டும்.

ஆனால் எந்த மென்பொருளை வாங்குவது? காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று பத்தியாகக் கோடு கிழித்து எழுதி வைத்திருந்தார். கம்பெனிப் பெயர்கள் வாயில் நுழையாததால் அவரே வைத்த பெயர்கள், மாசச் சந்தாக்காரன், ஒரே தடவைக்காரன், இலவசக்காரன். மாசச் சந்தாக்காரன்தான் மூன்றிலும் கெட்டிக்காரன். கூட்டத்தில் முதுகு காட்டி நிற்பவரைக்கூட அடையாளம் சொல்கிறான், மாசத்துக்கு இரண்டு காபி விலைதான் என்று விளம்பரத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள். ஆனால் மாசாமாசம் கட்ட வேண்டும். கட்ட மறந்துவிட்டால்? பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றை வாங்கிவிட்டு, அதற்குப் பணம் கட்டுவதை ஞாபகம் வைத்துக்கொள்ள இன்னொன்று வாங்க வேண்டுமா? வங்கியே தானாகக் கட்டிவிடும் என்கிறார்கள், வங்கி அட்டை காலாவதியாகும், புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும், கடிதத்தை எங்கோ வைப்பார். இலவசக்காரனுக்குப் பணமே வேண்டாம். ஆனால் அவனை நிறுவுவதற்குப் பதினாலு படி, ஒவ்வொரு படிக்கும் இணையத்தில் விளக்கம் தேடினால் யாரோ ஒரு வெள்ளைக்காரன் இன்னொருவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். பெயர்களைத் தனிக் கோப்பு ஒன்றில் வைப்பானாம், அந்தக் கோப்பை எங்கே வைத்தோம் என்பதை நாம் மறக்கக் கூடாதாம். அதைப் படித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். மிச்சம் ஒரே தடவைக்காரன். கொஞ்சம் மந்தம், அத்தைகளைக் குழப்புகிறான், விலை ஒரு மாசத்து மளிகை. ஆனால் பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதி வைப்பானாம், கம்பெனியே மூடிப்போனாலும் பெயர் படத்தோடு கிடக்குமாம். அப்படித்தான் அவர் புரிந்துகொண்டார். சரியாகத்தான் புரிந்துகொண்டாரா என்பது நேற்று தெளிவாக இருந்தது, இன்று இல்லை. அவனுடைய திரையில் மேலே ஓரத்தில் மஞ்சள் பட்டை ஒன்று, 'உங்கள் இலவசப் பயன்பாடு இன்று மாலையுடன் முடிகிறது' என்றது. தாரணியிடம் கேட்டதற்கு, "எதையாவது ஒண்ணை வாங்குங்கப்பா, எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். எல்லாம் ஒன்று இல்லை. ஆனால் ஏன் ஒன்று இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டுமானால் கொத்தமல்லியிலிருந்து தொடங்க வேண்டும்.

கடையம் அத்தை கழுத்தைச் சாய்த்தபடியே இருந்தாள். தங்கச்சி கல்யாணத்தில் எடுத்த படம். படத்தில் அவள் இருப்பதே தற்செயல், போட்டோக்காரன் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை எடுக்க, பின்னால் பந்திக்கு இலை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பியிருக்கிறாள். அம்மாவுக்குக் காசம் என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது ஒன்றரை வருஷம் அவரை அவள்தான் வைத்துக்கொண்டாள். அவருக்கு ஆறு வயசு. என்ன ஞாபகம் இருக்கிறது? கொண்டை ஊசியின் வளைந்த முனையால் அவள் காது குடைந்துவிட்டது ஞாபகம் இருக்கிறது. அசையாத, அசையாத என்று அவள் சொல்லும்போது மூச்சு காதுக்குள் சூடாகப் போனது, அதில் வெற்றிலை மணமும் இருமல் மாத்திரை மணமும் சேர்ந்திருந்தன. ஊசி ஓரிடத்தில் படும்போது உடம்பெல்லாம் கூசி, வலிக்கப் போகிறது என்ற பயமும் நிறுத்திவிடக் கூடாதே என்ற ஆசையுமாக அவர் அவள் மடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். அது இப்போதும் காதில் இருக்கிறது. அறுபது வருஷம் கழித்தும் ஊசியின் நுனி எங்கே பட்டது என்று காட்ட முடியும். பெயர் இல்லை. ஸ்கூலில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனது அவள்தானே, வாத்தியார் கேட்டிருப்பாரே, பையனுக்கு நீங்க என்ன உறவு, உங்க பேரு என்ன என்று? அவள் சொல்லியிருப்பாளே, பக்கத்தில் நின்று அவர் கேட்டிருப்பாரே? அந்த அறை தெரிகிறது, ஒரு சுவர்க் கடிகாரம்கூடத் தெரிகிறது, அத்தை வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. இல்லை, இது ஞாபகமே இல்லை, இப்போது கட்டுவது. கடிகாரம் பதிவு அலுவலகத்துக் கடிகாரம்.

"என்னங்க, இன்னும் அதையேவா பாத்துக்கிட்டு இருக்கிய?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி பகவதி வந்தாள். கையில் உடைத்த தேங்காய் மூடி, விரலிலிருந்து தண்ணீர் சொட்டியது. "வெயில் கண்ணுல அடிக்கி, ஜன்னல் திரையைக்கூட இழுத்துவிடாம. அரைக்க ஆள் இல்ல, கறிவேப்பிலை இல்ல, ஆனா படம் மட்டும் ஓடுது."

அவர் காலண்டர் தாளைக் கணினிக்கு அடியில் தள்ளினார். கேட்கலாமா என்று யோசித்து, அவளைச் சோதிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏ, கேட்டியா, நம்ம கடையம் அத்தை பேரு என்ன, சொல்லு பாப்போம்?"

"கடையம் அத்தை பேரு கடையம் அத்தைதான்."

"வெளையாடாத. பேரு கேக்கேன்."

"எனக்கென்ன தெரியும்? வாக்கப்பட்டு வந்த அன்னைக்கு உங்க அம்மை, இது கடையம் அத்தை, கால்ல விழுன்னாவ. விழுந்தேன். கால்ல விழும்போது நிமிந்து பேரா கேப்பாவ?" அவள் திரையை எட்டிப் பார்த்தாள். "உங்க அப்பா பேரையே ரேஷன் கார்டு பாத்துத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். அதுவும் ஆறு மாசம் கழிச்சி. இவிய நல்ல கலரு, என்ன? படத்துல சரியா விழல."

"உனக்கும் தெரியாதா?"

"உங்க அத்தை பேரு உங்களுக்கே தெரியல, எனக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பகவதி என்ன இது என்று பார்த்துவிட்டு, "கிறுக்குப் புடிச்சிருக்கு" என்று உள்ளே போனாள். தெரியாது. யாருக்குமே தெரியாது. அவளுக்குப் பெயர் இருந்த இடத்தில் ஊர்தான் இருந்திருக்கிறது. இது பள்ளம் இல்லை, அங்கே பல் முளைக்கவே இல்லை. ஒரு குடும்பம் முழுக்க ஒருத்தியின் பெயரை எண்பது வருஷம் சொல்லாமலே சோறு வாங்கித் தின்றிருக்கிறது, அதற்கு ஒருத்தனுடைய மூளையைக் குற்றம் சொன்னால் எப்படி? அந்த எண்ணம் வெட்கமாகவும் இருந்தது, இதமாகவும் இருந்தது. இதமே பெரிசாக இருந்தது. இப்போது தைரியமாகவே விசாரிக்கலாம். தென்காசி அத்தை மகன் சங்கரபாண்டி, பாத்திரக்கடை வைத்திருக்கிறவன், கடைசி காலத்தில் கடையம் அத்தையைக் கூட வைத்துக்கொண்டவன். அவனுக்கும் தெரியாது என்று சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. போனை எடுத்தார். அந்தப் பக்கம் அவன் கடையில் எவர்சில்வர் அண்டாக்களை யாரோ உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க அத்தான்."

"என்ன மாப்ள, யாவாரம் எப்படி?"

"யாவாரமா? நேத்து ஒருத்தன் ஈயச்சொம்பு கேட்டு வந்து, கடையில காத்தாடிக்குக் கீழ ஒரு மணிநேரம் தூங்கிட்டுப் போனான். அதான் யாவாரம். சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. நம்ம கடையம் அத்தை பேரு என்னடே?"

அந்தப் பக்கம் உருட்டல் நின்றதுபோல இருந்தது. அல்லது அவன் கடைக்கு வெளியே வந்திருப்பான்.

"ஆவுடையம்மா. ஏன் அத்தான், ரிட்டயர் ஆயும் பத்திரம் எழுதுறதை விடலையா? அதான் போன செவ்வாக்கெழமை கேட்டியளே."

"யாரு?"

"நீங்கதான். எனக்கும் அன்னைக்கு வரல, பரண்ல ஏறி அவிய வீட்டுப் பழைய தீர்வை ரசீதைத் தேடி எடுத்து, போட்டோ புடிச்சி அனுப்புனேன்லா? சட்டை பூராம் ஒட்டடை. நீங்ககூடக் கையெடுத்துக் கும்பிடுத மாதிரி பொம்மை போட்டிய."

"ஆமா ஆமா" என்றார் குற்றாலிங்கம். "அது சரிதான். சும்மா, ஒரு தடவை சரிபாக்கலாம்னு."

"உடம்பு நல்லாருக்கில்லா அத்தான்?"

"எனக்கென்ன?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவன் அனுப்பியதைத் திறந்து பார்க்காமல் இருந்துவிடலாம். போனை மேஜையில் குப்புற வைத்தார். வெளியே யாரோ பழைய இரும்புக்கு ஈயம் பித்தாளைக்கு என்று மைக்கில் சொல்லிக்கொண்டே தெருவைக் கடந்து போனார்கள், அந்தக் குரல் முனை திரும்பி மறையும்வரை காத்திருந்தார். அப்புறம் போனைத் திருப்பினார். செவ்வாய், பதினொன்று நாற்பத்திரண்டு. மடிப்பில் கிழிந்த ஒரு மஞ்சள் தாளின் படம், நீல மையில் யாரோ ஒரு கிராம நிர்வாக அலுவலரின் சாய்ந்த கையெழுத்து, ஆவுடையம்மாள். அதன் கீழே கும்பிடும் கைகள். அதற்கும் கீழே அவரே எழுதியது. 'நன்றி மாப்பிள்ளை. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இனி மறக்காது.' அவர் அதை ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். புள்ளிகள் எல்லாம் சரியாக வைத்து, ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்து எழுதியிருந்த ஒருவன், போன செவ்வாய்க்கிழமை இதே நாற்காலியில், இதே வெயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறான். நிதானமானவன்போலத்தான் தெரிந்தது. என்ன சட்டை போட்டிருந்தான்? பெயர் தெரிந்ததும் என்ன செய்தான்? சும்மா விட்டிருக்க மாட்டான், எங்காவது எழுதியிருப்பான். எங்கே? காலண்டர் தாளை எடுத்துத் திருப்பினார், முன்பக்கம் திதியும் ராகுகாலமும்தான் இருந்தன. அப்போதுதான் மாசச் சந்தாக்காரன் ஞாபகத்துக்கு வந்தான். அவனுடைய இலவச நாட்கள் போன வியாழக்கிழமையோடு முடிந்தன, அதை அவர் கையாலேயே தாளில் குறித்திருந்தார். அவனைத் திறந்தார். படங்கள் வந்தன, வட்டங்கள் வந்தன, வட்டங்களுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மட்டும் இருந்தது. பெயர்களைக் காணச் சந்தாவைப் புதுப்பிக்கவும். கடையம் அத்தையின் வட்டத்துக்குக் கீழேயும் பட்டை. அதற்குப் பின்னால் பெயர் இருக்கிறது. அவர் எழுதிய பெயர். விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார், திரை வெதுவெதுப்பாக இருந்தது.

ஆக இது பள்ளம்தான். நினைத்ததைப்போல அவ்வளவு பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியமாக இருந்தது. பரீட்சை முடிவு வருவதற்கு முன்பு இருந்த பயம் வந்த பின்பு இருப்பதில்லை, வேறு ஏதோ ஒன்று இருக்கும், அதற்கும் அவருக்குப் பெயர் தெரியவில்லை. ஒரே தடவைக்காரனுக்குத் திரும்பி வந்தார். அத்தையின் கோட்டில் குச்சி மின்னிக்கொண்டிருந்தது. ஆவுடையம்மாள் என்று ஒவ்வொரு எழுத்தாக, போனைப் பார்த்துப் பார்த்து அடித்தார். அடித்து முடித்ததும் அந்த நாலு முகக்காரி கலைந்து, இலைக்கட்டோடு திரும்பிப் பார்த்தவள் தனியாக ஒரு வட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்று படங்கள். ஆறு வயசில் சொல்லாததை இப்போது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். யாரோ ஒரு அந்நியப் பெண்ணைக் கூப்பிட்டதுபோல இருந்தது. திரை நிற்கவில்லை, அதற்கு அவசரம், அடுத்த ஆளைக் கொண்டுவந்தது. வலதுபக்கம் சின்ன எழுத்தில், பெயரிடப்படாதவர், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் படங்கள் என்று இருந்தது. யார் இது, இவ்வளவு படத்தில்? பகவதி. எல்லாருக்கும் எழுதியவர் அவளுக்கு எழுதவே இல்லை. அவளுக்கு எதற்கு என்று விட்டிருந்தார், வீட்டில் இருக்கிற ஆளுக்கு யாராவது சீட்டு எழுதி ஒட்டுவார்களா? அவர் குச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ப என்று அடித்தார். அழித்தார். அடிக்கத் தெரியாமல் இல்லை. நாற்பத்தோரு வருஷத்தில் அந்தப் பெயரை அவர் எழுதியிருக்கிறார், வாரிசுப் படிவத்தில், வங்கியில், ஆஸ்பத்திரிச் சீட்டில், மனைவி பகவதி என்று. கூப்பிட்டதில்லை. கேட்டியா, இங்க பாரு, இந்தா. நாளைக்குக் கொத்தமல்லிபோல இதுவும் வாயில் வராமல் போனால், போனதென்றுகூட யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. எப்போதும்போலக் கேட்டியா என்று கூப்பிடுவார், எப்போதும்போல அவளும் வருவாள்.

"பகவதி" என்றார். மிக்ஸி சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை. உரக்கக் கூப்பிட்டார். "பகவதி!"

உள்ளே மிக்ஸி நின்றது. அப்புறம் அவள் வாசல்பக்கம் பார்த்துக்கொண்டே அறைக்குள் வந்தாள்.

"யாரு வந்திருக்கா? யாரைக் கூப்பிட்டிய?"

"உன்னைத்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைக்கப் போனவள் துடைக்காமலே நின்றாள். "என்ன செய்யுது உங்களுக்கு? நெஞ்சு வலிக்கா?"

"ஒண்ணும் செய்யல. இப்படி உக்காரு." ஸ்டூலை இழுத்துப் போட்டார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், கையில் அகப்பட்டதிலிருந்து தொடங்கினார். "மூணு இருக்கு, எதை வாங்கன்னு தெரியல. ஒண்ணுக்கு மாசாமாசம் கட்டணும், கட்டலைன்னா பேரையெல்லாம் பூட்டி வச்சிருவான். ஒண்ணு சும்மா குடுக்கான், ஆனா எங்க வச்சோம்னு நாம மறக்கப்பிடாது. இன்னொண்ணு ஒரே தடவை. விலை கூட."

"எதுக்கு இம்புட்டு யோசனை? உங்களுக்கு எது தோதோ அதை வாங்குங்க."

"நான் மறந்தாலும் மறக்காம இருக்கது எதுன்னு பாக்கேன்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சமையலறையில் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது, இருவருக்கும் கேட்டது.

"மல்லித்தழை வாங்கப் போயிட்டு, வீட்டுக்குள்ள வந்தும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தியளே, அன்னைக்கே நெனச்சேன்" என்றாள். "நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரி பக்கம் மறதிக்குப் பாக்குத டாக்டர் ஒருத்தர் இருக்காராம், மேல வீட்டு அக்கா சொன்னா. வியாழக்கிழமைக்கு நம்பர் போட்டிருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். திரையில் அதற்குள் வேறொரு கேள்வி வந்திருந்தது. பக்கம் பக்கமாக இரண்டு வட்டம். ஒன்றில் மணவறைப் புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மாலை பாரத்தில் குனிந்த இருபத்திரண்டு வயசுப் பெண். மற்றதில் போன பொங்கலுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எடுக்காதீங்க என்று கையைத் தூக்கும் பகவதி. 'இவர்கள் ஒரே நபரா?' என்று கேட்டு, ஆம், இல்லை, உறுதியாகத் தெரியவில்லை என்று மூன்று பொத்தான்களை வைத்திருந்தது.

"இதுகூடவா தெரியாது அதுக்கு?" என்றாள் பகவதி.

"தெரியாமத்தான் கேக்கு."

"பின்ன? தெரியலன்னா கேக்குதுல்லா. நீங்களும் கேளுங்க."

பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பவரை இன்னார்தான் என்று அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் வேண்டும். இரண்டு பேரும் பக்கத்தில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் கையெழுத்துப் போடுவார்கள். அவள் குனிந்து 'ஆம்' என்பதன்மேல் விரலை வைத்தாள். தேங்காய்த் தண்ணீர் ஈரத்தில் விரல் வழுக்கி எங்கோ ஓடியது. அவர் வேட்டி நுனியால் அந்த இடத்தைத் துடைத்தார், அவளுடைய விரலையும் துடைத்தார், துடைத்த விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்து அழுத்தினார். இரண்டு வட்டமும் ஒன்றானது. கோட்டில் குச்சி மின்னியது.

"எழுதுங்க" என்றாள் பகவதி. "எழுதிட்டு அடுத்தது யாருன்னு பாருங்க."